இருபத்தோரு நெற்றிகள்

அஞ்செட்டி
20-8-2025

தம்பி முனிராஜுக்கு,

மலைமேல் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உன் மாமாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழை வந்தால் வருகிறது, மழை நின்றால் போகிறது. உனக்கு அந்த மை நெடியில் வரும் இருமல் நின்றதா? மேகலாவும் பாப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? போனில் கேட்கலாம்தான். ஆனால் இங்கே டவர் கிடைப்பது பாறைமேல் மட்டும். ஏறி நின்று கத்தினால் ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாம் கதை கேட்கிறார்கள். நம் வீட்டு விஷயத்தை நாலு பேருக்கு ஒலிபரப்புவானேன் என்று காகிதத்தில் எழுதுகிறேன்.

இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பெரிய பேனர் கட்டினார்கள். அதில் நம் கங்கப்பனார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர், வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போனவர், அவரேதான். நெற்றியில் முறம் அகலத்துக்குச் செக்கச்செவேலென்று குங்குமப் பொட்டு. கீழே 'தேசத்தை உருவாக்கியவர்கள் தெய்வ பக்தர்கள்' என்று எழுத்து. பள்ளிக்கூட ஆபீஸ் ரூமில் ஒரு பழைய குரூப் போட்டோ மாட்டியிருக்கிறதே, அதில் இரண்டாவது வரிசையில் நிற்கிற அதே முகம். காதோரம் பூச்சி அரித்த ஓட்டைகூட பேனரில் அப்படியே இருக்கிறது. எங்கள் படம் அங்கே எப்படிப் போனதோ, தெரியவில்லை.

கூட்டம் போட்டு ஒரு கட்சித் தலைவர் பேசினார். நாட்டை உண்டாக்கியவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் காலையில் சாமி கும்பிடாமல் பேனாவைத் தொட்டதில்லையாம். அதற்குச் சாட்சி கங்கப்பனார் நெற்றியாம். திங்கட்கிழமை பிள்ளைகள் போய் ஜோதிமணி டீச்சரிடம் நிஜமா என்று கேட்டிருக்கிறார்கள். டீச்சர் தென்காசிப் பக்கத்துப் பெண், சமூக அறிவியல் எடுக்கிறார். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்து, "அவுக என்ன நம்புனாகன்னு நமக்குத் தெரியாதுப்பா. எழுதி வச்சிட்டுப் போகலை. ஆனா இந்தப் பொட்டு போட்டோவுல உள்ளதில்ல, மேல வச்சது" என்றார். சொல்லிவிட்டு ஈரக் கைக்குட்டையால் துடைத்தும் காட்டினார். கண்ணாடி உடைந்து இரண்டு வருஷமாகிறது, புதுசு போடவில்லை. அரதப்பழசான காகிதம். பொட்டோடு சேர்ந்து நெற்றியும் உரிந்து வந்துவிட்டது. இப்போது கங்கப்பனாருக்குப் பொட்டும் இல்லை, நெற்றியும் இல்லை, வெள்ளையாக ஒரு திட்டுதான் இருக்கிறது.

டீச்சர் திலகத்தை அழித்துவிட்டார் என்று சாயங்காலமே ஊர் முழுக்கப் பேச்சு. அந்தப் பொட்டு எப்படி வந்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு அதெல்லாம் என்ன தெரியும், நான் பள்ளிக்கூடத்தில் சோறாக்குகிறவள்.

பாப்பாவுக்குக் கேழ்வரகு மாவு கொடுத்தனுப்புகிறேன். கட்டி தட்டாமல் கிண்டச் சொல்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அக்கா சம்பங்கி


ஜூஜுவாடி
29-8-2025

அக்காவுக்கும் மாமாவுக்கும் முனிராஜ் கும்பிட்டு எழுதுவது.

மாவு வந்தது. பாப்பா ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டாள். இருமல் அப்படியேதான் இருக்கிறது. பேனர் கடையில் வேலை செய்கிறவனுக்கு இருமல் இல்லையென்றால் மெஷின் ஓடவில்லை என்று அர்த்தம். மாமாவின் காலுக்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன்.

நீ எழுதியதைப் படித்தேன். அக்கா, இதில் நீ தலையைக் கொடுக்காதே. எலெக்ஷன் வரப்போகிறது, ஆளாளுக்கு ஒரு பெரியவரைப் பிடித்து இழுக்கிறார்கள். எங்கள் கடையில் தினமும் பார்க்கிறேன். காலையில் ஒரு கட்சி வந்து 'தேசத்தை உருவாக்கியவர்கள் பக்தர்கள்' என்று தமிழில் பத்து, கன்னடத்தில் பத்து, தெலுங்கில் பத்து அடிக்கச் சொல்கிறது. மத்தியானம் எதிர்க்கட்சி வந்து 'தேசத்தை உருவாக்கியவர்கள் பகுத்தறிவாளர்கள்' என்று அதே அளவில், அதே கலரில் கேட்கிறது. இரண்டிலும் அந்தப் பெரியவர்களே சொன்னதாக ஒரு வரி இருக்கும். முதலாளி தங்கதுரை இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் டீ வைக்கிறார். எழுத்துப் பிழை பார்ப்பது நான். இதைப் படித்தால் இது சரி என்று தோன்றுகிறது, அதைப் படித்தால் அது சரி என்று தோன்றுகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது எனக்கே தலை சுற்றுகிறது.

உங்கள் பள்ளிக்கூடத்துப் படம் எப்படி வெளியே போயிருக்குமோ. யாராவது எங்கிருந்தாவது எடுத்திருப்பார்கள். இந்தக் காலத்தில் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. நீ சமையல் ரூமை விட்டு வெளியே வராதே. யார் என்ன கேட்டாலும் பருப்பு வேகுது என்று சொல்லிவிடு.

பணிவுடன்
தம்பி முனிராஜ்


அஞ்செட்டி
11-9-2025

முனிராஜுக்கு அக்கா எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

ஜோதிமணி டீச்சரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். தேசத் தலைவரின் படத்தைச் சேதப்படுத்தினார், மக்கள் மனத்தைப் புண்படுத்தினார் என்று எழுதியிருக்கிறதாம். விசாரணை முடிந்தால் வேலையே போகலாம் என்கிறார் ஹெட்மாஸ்டர். படத்தைச் சாக்கில் சுற்றி அரக்கு வைத்து மலைக்குக் கீழே கல்வி ஆபீசுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

இது போதாதென்று போன வாரம் எதிர்க்கட்சிக்காரர் வந்து இன்னொரு கூட்டம். கங்கப்பனார் கோயில் வாசல்படியே மிதிக்காதவராம். நாட்டை உண்டாக்கியவர்களில் பாதிப் பேர் அப்படித்தானாம். பொட்டை யாரோ சதி செய்து வைத்தார்களாம், சதிகாரனைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். உன் மாமா வீட்டுக்கு வந்து, "போன மாசம் பூசாரி, இந்த மாசம் நாத்திகர். அந்த மனுசன் செத்தும் நிம்மதியா இல்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்தச் சதிகாரி நான்தான்.

பதினோரு வருஷமாக ஜனவரி இருபத்தாறுக்கும் ஆகஸ்ட் பதினைந்துக்கும் படத்தை இறக்கித் துடைத்து மாலை போடுவது என் வேலை. யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. விடியலில் ஆள் வருமுன் செய்துவிடுவேன், யாருக்கும் தெரியாது. மாலை போட்ட படத்துக்குப் பொட்டு வைக்காமல் விடுவார்களா? நம் வீட்டில் காலண்டரில் இருக்கிற தலைவருக்கே வைப்போம். சந்தனத்தைக் குழைத்து, அதன்மேல் குங்குமம். கங்கப்பனாருக்கு மட்டுமா வைத்தேன்? ஒருத்தருக்கு வைத்து ஒருத்தருக்கு வைக்காமல் விட்டால் ஓரவஞ்சனை இல்லையா? படத்தில் இருக்கிற இருபத்தோரு பேருக்கும் வைத்தேன். முன்வரிசையில் துருக்கித் தொப்பி போட்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், தொப்பிக்குக் கீழே இடம் பார்த்து அவருக்கும் வைத்தேன். சிலுவை தொங்கவிட்ட தாடிக்காரப் பாதிரியாருக்கும் வைத்தேன். அவர்கள் என்ன சாமி, ஏது சாமி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இதை நான் போய்ச் சொன்னால் டீச்சர் தப்பிப்பார். ஆனால் என் கதி என்ன? ஒரு கட்சிக்காரன், எங்கள் பொட்டைப் பொய்யென்று சொல்கிறாயா என்பான். இன்னொருத்தன், நீதானா அந்தச் சதிகாரி என்பான். சத்துணவு வேலை போனால் இந்த மலையில் எனக்கு வேறென்ன இருக்கிறது? சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சோறு பொங்கும்போதெல்லாம் அந்தப் பெண் முகம் வருகிறது.

நேற்றுதான் ஞாபகம் வந்தது, நீ ஆடிக்கு வந்தபோது பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைப் போனில் முழுசாகப் பிடித்தாயே, அது இருக்கிறதா? இருபத்தோரு பொட்டும் அதில் தெரியும். ஆபீசில் இருக்கிற படத்தில் சாக்கு உரசியே மற்றவர்கள் பொட்டெல்லாம் உதிர்ந்து போயிருக்கும். உன் போனில் இருப்பதுதான் சாட்சி. உடனே எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும்
சம்பங்கி


ஜூஜுவாடி
6-10-2025

அக்காவுக்கு வணக்கம். எல்லோரும் நலம்தானே?

ஆயுத பூஜை வேலையில் மூச்சுவிட நேரமில்லை, அதனால் தாமதம். கம்பெனிகளுக்கெல்லாம் வாழ்த்து பேனர் அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. நம் கடை மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் கத்திரிக்கோலுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். வைக்கும்போது உன் ஞாபகம் வந்தது.

நீ கேட்ட படம் இல்லை. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, அதிலிருந்த படமெல்லாம் போய்விட்டது. நீ எதுவும் சொல்ல வேண்டாம். டீச்சர் படித்தவர், சங்கம் இருக்கிறது, ஏதாவது வழி செய்துகொள்வார். நமக்கு யார் இருக்கிறார்கள்?

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

முனிராஜ்


அஞ்செட்டி
15-10-2025

முனிராஜுக்கு,

தீபாவளிக்கு வருவாயா என்று கேட்க மேகலாவுக்குப் போன் செய்தேன். பாறைமேல் நின்றுதான். அப்படியே உன் போன் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். "போனுக்கு என்னாங்க அண்ணி ஆச்சு, நல்லாத்தான இருக்குது" என்றாள். நானும் வேறு யார் போனோ என்று பேச்சை மாற்றிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே தம்பி, சோறாக்குகிறவளிடமேவா?

எதற்குப் பொய் சொன்னாய் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு ஆபத்து வரக்கூடாது என்று சொன்னாயா? வேறு ஏதாவது காரணமா? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் புரியவில்லை.

நேற்று ஜோதிமணி டீச்சரைப் பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன். மெலிந்துவிட்டார். கையில் ஒரு பை, கீழே ஆபீசுக்கு விளக்கம் கொடுக்கப் போகிறாராம். நான் ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவரே கூப்பிட்டு, "நல்லா இருக்கீகளாக்கா? பிள்ளைக ஒழுங்கா சாப்பிடுதா?" என்று கேட்டார். தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது பிள்ளைகள் சாப்பிட்டதைப் பற்றிக் கேட்கிறார். தலையை மட்டும் ஆட்டினேன். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். வெட்கமாக இருந்தது தம்பி. அவருக்குப் பின்னாலேயே ஏறியிருக்கலாம். ஏறவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதத்தான் வருகிறது, கோபமாக இருந்தாலும்.

அக்கா


அஞ்செட்டி
7-11-2025

முனிராஜுக்கு,

தீபாவளிக்கும் வரவில்லை, கடிதமும் இல்லை. நீ நலமா இல்லையா என்றாவது ஒரு வரி எழுது. கடைசி விசாரணை டிசம்பர் பதினொன்று என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். அன்றைக்கு முடிவு எழுதிவிடுவார்களாம். அதற்கப்புறம் நான் சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

சம்பங்கி


ஜூஜுவாடி
16-11-2025

அக்கா,

சுகம் விசாரித்து எழுத எனக்கு முகமில்லை. இருந்தாலும் நீயும் மாமாவும் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த பேனரைச் செய்தவன் நான்தான்.

ஆடிக்கு வந்து திரும்பியதும் போனில் இருந்த படங்களைக் கடையில் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் நாட்டுக்காகப் பாடுபட்டவர் ஒருத்தர் இருந்தார் என்று பெருமைக்குத்தான் காட்டினேன். தங்கதுரை எட்டிப் பார்த்து, "இந்த ரெண்டாவது வரிசைக்காரரை மட்டும் வெட்டி எடு முனிராஜு, ஒரு ஆர்டருக்கு ஆகும்" என்றார். வெட்டினேன். பொட்டு வெளிறி இருந்தது, பேனரில் பெரிசாக்கினால் அழுக்கு மாதிரி தெரியும். அதனால் சிவப்பைக் கொஞ்சம் ஏற்றினேன். முகத்தில் நிழல் விழுந்தால் வெளுப்பாக்குவோம், கண்ணாடி பளபளத்தால் எடுத்துவிடுவோம். தினமும் செய்கிற வேலைதான். கீழே என்ன எழுதப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எழுத்து வந்தபோது எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். நாற்பது பேனர் போனது.

உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. நீ பொட்டு வைத்தாய், நான் அதைப் பெரிசாக்கினேன். இருவருக்கும் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு பெண்ணுக்கு வேலை போகப் பார்க்கிறது. இது யார் தப்பு என்று கணக்குப் போட்டுப் போட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. தங்கதுரைக்குத் தெரிந்தால் அன்றைக்கே வெளியே போ என்பார். பார்டர் தாண்டி அத்திப்பள்ளியில் வேலை தேடலாம்தான், இந்த வயதில் யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்? அந்தப் பயத்தில்தான் போன் கதை சொன்னேன். உன்னைக் காப்பாற்றவில்லை, என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

முழுப் படத்தையும் பெரிய தாளில் அடித்து இத்துடன் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். எந்தக் கலரையும் தொடவில்லை. அடுப்பில் போட்டாலும் சரி, ஆபீசில் கொடுத்தாலும் சரி. என் பேரை மட்டும் சொல்லாமல் இருந்தால் உனக்குப் புண்ணியம்.

மன்னிக்கக் கேட்கும்
முனிராஜ்


அஞ்செட்டி
24-11-2025

தம்பிக்கு,

நானும் மாமாவும் இருக்கிறோம். சாப்பிடுகிறோம், தூங்குகிறோம்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் அடுப்பில் போடத்தான் தோன்றியது. உன்னைத்தான், படத்தை இல்லை. அப்புறம் படத்தை விரித்தேன். எத்தனை பேர், எத்தனை முகம்! பாதிரியார் தாடியைத் தடவிக்கொண்டிருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார், நெற்றியில் நம்மூர்க் குங்குமம். தொப்பிக்காரருக்குப் பொட்டு கொஞ்சம் கோணல். அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கிவிட்டது, அவசரத்தில் வைத்தேன் போலிருக்கிறது. மாமா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது.

ஒன்றை யோசித்துப் பார்த்தேன். நான் வைத்ததை எடுத்துக் காட்டி ஒருத்தன் பக்தர் என்றான். நான் வைத்தது என்று தெரியாமலேயே இன்னொருத்தன் சதி என்றான். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியாது. சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்வது சுலபம்.

பதினொன்றாம் தேதி போகிறேன். மாமா கூட வருகிறார். உன் பேரைச் சொல்ல மாட்டேன். யார் எடுத்த படம் என்று கேட்டால் கீழே கிடந்தது, எடுத்தேன் என்பேன். ஒரு வீட்டில் ஒரு பொய் போதும் என்று பார்த்தேன், இரண்டாவதும் தேவைப்படுகிறது.

இருமலுக்குத் தூதுவளை வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துப் போ.

அக்கா


ஜூஜுவாடி
4-12-2025

அக்காவுக்கு,

நலமாகப் போய் நலமாகத் திரும்பி வா. இந்தக் கடிதம் பதினொன்றாம் தேதிக்குள் உன் கைக்கு வர வேண்டும் என்று பஸ் கண்டக்டர் மணிவேலிடமே கொடுத்தனுப்புகிறேன்.

நான் அந்தப் படத்தை அடித்ததைத் தங்கதுரை கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். கண் விரிய, "இருபத்தோரு பேரு நெத்தியிலயும் பொட்டுடா!" என்று போனை எடுத்தார். அரை மணியில் ஆர்டர் வந்துவிட்டது. 'ஒருவரல்ல, இருபத்தோரு பேரும் பக்தர்கள்' என்று முப்பதடி பேனர். அந்தத் தொப்பிக்காரரையும் பாதிரியாரையும் மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தூணோ திரையோ வரைந்துவிட வேண்டுமாம். பேனரில் எண்ணிக்கை இருபத்தொன்று, படத்தில் ஆள் பத்தொன்பது. யார் எண்ணப் போகிறார்கள் என்றார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தொப்பிக்காரர் முகத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். அழிக்கிற பொத்தான்மேல் விரல் இருந்தது. முடியவில்லை அக்கா. வீரமாக எதுவும் பேசவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாளாகப் போகவில்லை. மேகலா என்ன ஆச்சு என்று கேட்கிறாள். அவளிடமும் வயிறு என்றுதான் சொல்லியிருக்கிறேன், ரசம் வைத்துக் கொடுக்கிறாள்.

அவர்கள் வேறு ஆளை வைத்து அழித்துக்கொள்வார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் நீ என் பேரை மறைக்க வேண்டாம். யார் எடுத்தது என்று கேட்டால், ஜூஜுவாடி பேனர் கடையில் வேலை செய்கிற என் தம்பி முனிராஜ் என்று சொல். வெட்டியதும் அவன்தான் என்றும் சொல்.

உன் தம்பி


அஞ்செட்டி
13-12-2025

தம்பி முனிராஜுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். மாமாவுக்குப் படியேறி இறங்கி முழங்கால் வீங்கிவிட்டது, நீ வாங்கிய எண்ணெயை அனுப்பு. உன் வயிற்று வலி போதும், எழுந்து வேறு வேலை தேடு.

ஆபீஸ் வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு கொடி. உள்ளே விசாரணை செய்கிறவர் ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடி போட்டவர். சமையல்காரம்மா எதற்கு வந்தாய் என்று பியூன் என்னை உள்ளே விடவில்லை. பொட்டு வைத்தவள் நான்தான் என்று அவனிடமே சத்தமாகச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம்தான் கதவு திறந்தது.

அந்த அம்மா முதலில் நம்பவில்லை. யாரைக் கேட்டு வைத்தாய் என்றார். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"யாரையும் கேக்கலீங்க மேடம். மாலை போட்டா பொட்டு வெக்கறதுதானுங்க. நெத்தி காலியா இருந்தா பாக்க ஒரு மாதிரி இருக்குதுங்க."

"கங்கப்பனார் பக்தர்னு நெனச்சு வெச்சியா?"

"அவரு என்னான்னு எனக்குத் தெரியாதுங்க. எல்லாருக்கும் வெச்சன்."

படத்தை மேசைமேல் விரித்தேன். பேனா முனையால் ஒவ்வொரு நெற்றியாக எண்ணினார். தொப்பிக்காரரிடம் வந்ததும் சிரித்துவிட்டார். பாதிரியாரிடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். யார் எடுத்த படம் என்றார். உன் பேரைச் சொன்னேன். நீ வெட்டியதையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்.

டீச்சர்மேல் நடவடிக்கையை நீக்கச் சொல்லி எழுதுவதாகச் சொன்னார். ஆனால் அதே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்களா என்று தெரியாதாம். என் விஷயம் மேலே போகுமாம், உத்தரவு வரும்வரை நான் அடுப்புப் பக்கம் போகக்கூடாதாம். சரியென்று எழுந்தேன். அப்போதுதான் கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"ஒக்காரும்மா" என்றார். "வச்சது யாருன்னு டீச்சர்கிட்ட மூணு தடவை கேட்டேன். அவங்களுக்குத் தெரியும். மூணு வருஷமா நீ வைக்கறத ஜன்னல் வழியா பாத்திருக்காங்க. சொல்ல மாட்டேன்னு எழுதியே குடுத்துட்டாங்க. 'பொட்டு வச்சவங்க பேர் வந்தா விசாரணைகூட இல்லாம அன்னிக்கே அவங்க வேலை போயிடும், எனக்காவது விசாரணை இருக்கு'ன்னு."

தம்பி, எண்ணிப் பார். நான்கு மாதம். நான் சொல்வேனா மாட்டேனா என்று நான் இங்கே தவித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ஒரு பேரைச் சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே தப்பித்திருப்பார். அன்றைக்குப் பஸ் நிற்கும் இடத்தில் பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா என்று என்னிடம் கேட்டபோதும் அவருக்குத் தெரியும்.

வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் ஜெயித்தது நாங்கள்தான் என்று கோஷம் போட்டார்கள். எதில் ஜெயித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கங்கப்பனார் சாமி கும்பிட்டாரா இல்லையா என்பதும் விளங்கவில்லை, இனி யாருக்கும் விளங்கப் போவதில்லை. டீச்சர் என்னைப் பார்த்ததும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டார். ஏன்க்கா இத்தனை நாள் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் உட்காரக் கூசியது. நின்றுகொண்டே அழுதேன்.

மேகலாவையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா
சம்பங்கி